திர்ஹத்தை ரூபாவால் பெருக்கினால் போதுமா?

வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவரைப் பள்ளிவாசல் முற்றத்தில் கண்டால் நம்மவர்கள் முதலில் ஸலாம் சொல்லிச் சுகம் விசாரிப்பார்கள். அடுத்த கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அங்க மாசம் எவ்வளவு கிடைக்குது?" அவர் ஐயாயிரம் திர்ஹம் என்பார். கேட்டவரின் மனதுக்குள் உடனே ஒரு பெருக்கல் கணக்கு ஓடும். திர்ஹம் ஒன்று எண்பது ரூபா என்று வைத்தால் நான்கு இலட்சம். காலை எட்டு மணிக்குக் கடை திறந்து இரவு எட்டு மணிக்குப் பூட்டும் மனிதருக்கு, அந்த நான்கு இலட்சம் அன்றிரவு முழுக்கத் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

நாம் வியாபாரிகள். விற்பனைக்கும் இலாபத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் அல்ல. ஒருவர் வந்து, "இன்றைக்கு இரண்டு இலட்சத்துக்கு விற்றேன்" என்று சொன்னால், கொள்முதல் எவ்வளவு, கடை வாடகை எவ்வளவு, கடனில் போனது எவ்வளவு என்று கேட்காமல் விடமாட்டோம். ஆனால் வெளிநாட்டுச் சம்பளம் என்று வந்துவிட்டால் மட்டும் விற்பனைத் தொகையையே இலாபம் என்று எண்ணிக்கொள்கிறோம்.

2022 ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பிறகு இந்தப் பேச்சு நமது ஊர்களில் மிகவும் கூடிவிட்டது. இளைஞர்கள் போவது புதிதல்ல. இப்போது நாற்பது, நாற்பத்தைந்து வயதானவர்கள், ஓடிக்கொண்டிருக்கும் கடையை விற்றுவிட்டு மனைவி பிள்ளைகளோடு போகலாமா என்று கேட்கிறார்கள். கடை என்பது ஒருமுறை கைமாறினால் திரும்பக் கிடைப்பது கஷ்டம். இடமும் போகும், வாடிக்கையாளர்களும் போவார்கள், மொத்த வியாபாரி நம்பிக்கையில் தரும் கடன் வசதியும் போகும். ஆகவே இரண்டு நாட்டு வாழ்க்கையை எப்படி ஒப்பிடுவது என்பதை நமக்குப் பழக்கமான பற்று வரவு முறையிலேயே பார்ப்போம். இலங்கையையும் ஐக்கிய அரபு இராச்சியத்தையும் எடுத்துக்கொள்கிறேன். கட்டாரிலும் சவூதியிலும் சட்டங்கள் வேறு, ஆனால் கணக்குப் பார்க்கும் முறை ஒன்றுதான்.

உலக அட்டவணையில் இரு நாடுகளும்

நாடுகளின் வாழ்க்கைத் தரத்தைப் பணத்தால் மட்டும் அளக்கக்கூடாது என்பதற்காக, 1990 முதல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் மனித அபிவிருத்திச் சுட்டெண் என்று ஒன்றை வெளியிட்டு வருகிறது. இதை முன்னின்று உருவாக்கியவர் பாகிஸ்தானியப் பொருளியல் அறிஞர் மஹ்பூபுல் ஹக். எவ்வளவு காலம் வாழ்கிறார்கள், எவ்வளவு காலம் படிக்கிறார்கள், எவ்வளவு வருமானம் பெறுகிறார்கள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் போடும் புள்ளி அது. 2025 இல் வந்த அறிக்கையில் அமீரகம் 15 ஆவது இடத்தில் இருக்கிறது. இலங்கை 89 ஆவது இடம்.

இடத்தைப் பார்த்தால் தூரம் பெரிது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் சுவாரசியமான ஒன்று தெரியும். சராசரி ஆயுளில் இரு நாடுகளுக்கும் உள்ள வித்தியாசம் ஐந்து வருடமளவில்தான். படித்த வருடங்களில் வித்தியாசம் இரண்டு வருடமளவில். வருமானத்தில்தான் பெரிய இடைவெளி. தலா வருமானத்தைச் சந்தை நாணய மாற்று விலையில் டொலராக்கினால் அவர்களுடையது நம்முடையதைப் போல் பத்து மடங்குக்கும் மேல். பத்து மடங்கு பணம் உள்ள நாட்டுக்காரர் நம்மைவிட ஐந்து வருடம்தான் கூடுதலாக வாழ்கிறார் என்றால், இந்தச் சிறிய தீவின் இலவசப் பாடசாலையும் அரசாங்க ஆஸ்பத்திரியும், வீடு வீடாக வந்த குடும்பநல மருத்துவ மாதுவும் எவ்வளவு வேலை செய்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பத்து மடங்கும் உண்மையில் பத்து மடங்கல்ல. அங்கே தலைமுடி வெட்ட ஆகும் காசும் இங்கே ஆகும் காசும் ஒன்றல்ல. ஒரு பகல் சோற்றுப் பார்சலும் அப்படித்தான். அதே கத்தரி, அதே அரை மணி நேர வேலை, அதே ஒரு கோப்பைச் சோறு. விலை மட்டும் வேறு. இதைச் சரிக்கட்டித்தான் பொருளியல்காரர்கள் 'கொள்வனவு ஆற்றல்' என்ற கணக்கைப் போடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் இடைவெளி ஆறு மடங்கு என்ற அளவுக்கு வந்துவிடுகிறது. நமது ஊர் ரூபா, நாணய மாற்றுக் கடையில் பெறும் மரியாதையைவிட ஊர்ச் சந்தையில் கூடுதலாகவே சாமான் வாங்கித் தருகிறது என்பது இதன் பொருள்.

எல்லாச் சாமானுக்கும் இது பொருந்தாது. மோட்டார் வாகனத்தை எடுங்கள். இங்கே 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. திறந்த பிறகும் வரியைச் சேர்த்தால் விலை தலைசுற்ற வைக்கிறது. அங்கே நடுத்தரச் சம்பளக்காரர் ஒருவர் ஓட்டும் காரை இங்கே நல்ல வியாபாரி ஒருவர்கூட யோசித்துத்தான் வாங்க வேண்டும். இலத்திரனியல் பொருட்களும் அங்கே மலிவு. காணி, வீடு, பிள்ளை படிப்பு, ஆள் வைத்துச் செய்யும் வேலை என்று வந்தால் கணக்கு அப்படியே மறுபக்கம் சாய்ந்துவிடும். லீவில் வருபவர் கையில் போனும் பெட்டியில் வாசனைத் திரவியமும் இருப்பதைப் பார்க்கும் நாம், அவருடைய வாடகைப் பற்றுச்சீட்டைப் பார்ப்பதில்லை.

இன்னொரு விடயம். சராசரி என்ற சொல் அமீரகத்தின் விடயத்தில் நம்மை நன்றாக ஏமாற்றும். அங்கே வாழும் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் வெளிநாட்டவர். எமிராத்திக் குடிமகன் ஒருவருக்கு அரசாங்கம் வீடு கட்ட உதவுகிறது, பிள்ளையைப் படிக்க வைக்கிறது, ஓய்வூதியம் தருகிறது. பெரிய கம்பனி அதிகாரிக்கு வீட்டு வாடகையையும் பிள்ளைகளின் பாடசாலைக் கட்டணத்தையும் கம்பனியே கொடுப்பதுண்டு. கட்டட வேலைக்காரர் ஓர் அறையில் பலரோடு படுத்து எழும்புகிறார். வெயில் கொடுமையால் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெளிவேலை வாங்கக்கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. இந்த மூவரையும் கூட்டி மூன்றால் வகுத்தால் வருபவர் எந்த ஊரிலும் வாழாத மனிதர். நீங்கள் போனால் இந்த மூவரில் எவராகப் போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி.

ஒரே சம்பளம், இரண்டு வாழ்க்கை

மனைவி பிள்ளைகளைத் தன் பொறுப்பில் அழைத்து வைத்துக்கொள்வதற்கு அமீரகச் சட்டம் ஒரு குறைந்தபட்சச் சம்பளம் வைத்திருக்கிறது. மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹத்தோடு தொழில்வழங்குநர் தரும் தங்குமிடம். இதற்குக் கீழே சம்பளம் என்றால் குடும்பம் ஊரில், மனிதர் அங்கே. இந்தக் கோட்டுக்குச் சற்று மேலே இருப்பவர்களின் நிலைதான் கவனமாகப் பார்க்க வேண்டியது. நம்மவர்களில் கணக்கெழுதுபவர், விற்பனைப் பிரதிநிதி, சிறு மேற்பார்வையாளர் என்று பலர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

அதே ஐயாயிரம் திர்ஹத்தை எடுப்போம். கீழே வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்தவை. உங்களுடைய ஆள் அங்கே இருந்தால் அவரிடம் கேட்டு உரிய தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தனி ஆளாக இருப்பவர் ஒரு கட்டில் இடத்துக்கு 600, சாப்பாட்டுக்கு 600, போன், பஸ், இதர செலவுக்கு 300 என்று 1,500 திர்ஹத்தில் மாதத்தை ஓட்டுகிறார். மிச்சம் 3,500. எண்பதால் பெருக்கினால் இரண்டு இலட்சத்து எண்பதாயிரம் ரூபா ஊருக்கு வருகிறது. பெரிய காசுதான், மறுக்க முடியாது.

அவர் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்தால், டுபாயைவிட வாடகை குறைவான ஷார்ஜாவில் ஓர் அறை வீடு 2,000 என்று வையுங்கள். மின்சாரம், தண்ணீர், இன்டர்நெட் 450. இரண்டு பிள்ளைகளின் பாடசாலைக் கட்டணமும் பஸ்ஸும் சேர்த்து 1,100. அதுவும் குறைந்த கட்டணப் பாடசாலை. சாப்பாடு 1,100. போன், உடுப்பு, போக்குவரத்து 300. கூட்டினால் 4,950. மிச்சம் ஐம்பது திர்ஹம், அதாவது நாலாயிரம் ரூபா. நான்கு பேருக்கும் ஊர் வந்துபோக விமான டிக்கெட் இன்னும் கணக்கில் சேரவில்லை. விசாச் செலவும் சேரவில்லை. டுபாயில் என்றால் குடும்பத்தினரின் மருத்துவக் காப்புறுதியையும் அழைத்தவரே எடுக்க வேண்டும். வருட வாடகையைச் சில காசோலைகளாக முற்கூட்டியே எழுதிக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. வீடு பிடிக்கும்போது முற்பணமும் தரகும் தனி. டுபாயில் வருட வாடகையில் 5 வீதம் வீட்டுக் கட்டணமாகத் தண்ணீர், மின்சாரப் பில்லோடு மாதாமாதம் சேர்ந்து வரும்.

வருமான வரி இல்லாத நாடு என்று சொல்வார்கள். சம்பளத்துக்கு இல்லை என்பது உண்மைதான். வீட்டுக்காரரும் பாடசாலையும் எடுத்துக்கொண்டது போக வரி கட்ட என்ன மிஞ்சுகிறது என்றும் கேட்கத் தோன்றுகிறது.

ஆக, இந்தச் சம்பளத்தில் காசும் உண்டு, குடும்ப வாழ்க்கையும் உண்டு. ஆனால் ஒன்றாக இல்லை. ஊருக்குக் காசு வரவேண்டுமென்றால் குடும்பம் பிரிந்திருக்க வேண்டும். குடும்பம் சேர்ந்திருக்க வேண்டுமென்றால் ஊருக்குக் காசு வராது. சம்பளம் பத்தாயிரம் பன்னிரண்டாயிரம் என்று உயரும்போதுதான் இரண்டும் சேர ஆரம்பிக்கும். நமது ஊர்களில் மேல்மாடி கட்டி, பளிங்குக் கல் பதித்து, ஜன்னல் பூட்டியபடி இருக்கும் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவை எந்த முறையில் கட்டப்பட்டவை என்று உங்களுக்கே விளங்கும்.

நமது பக்கத்தில் எழுதாமல் விடும் வரவு

சொந்தக் கட்டடத்தில் கடை நடத்தும் சிலரை எனக்குத் தெரியும். வருடக் கடைசியில் இலாபம் என்று ஒரு தொகை சொல்வார்கள். அந்தக் கட்டடத்தை வெளியாருக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று கழித்துப் பார்த்தால் இலாபத்தில் பாதி காணாமல் போய்விடும். அவர்கள் தின்றுகொண்டிருந்தது வியாபாரத்தின் இலாபத்தை அல்ல, கட்டடத்தின் வாடகையை.

வாழ்க்கைக் கணக்கிலும் இதே விடயம் இருக்கிறது, மறுபுறமாக. கடையிலிருந்து வீட்டுச் செலவுக்கு மாதம் ஒன்றரை இலட்சம் எடுக்கும் ஒருவர், "என்னுடைய வருமானம் ஒன்றரை இலட்சம்தான்" என்கிறார். அவர் இருப்பது வாப்பா விட்டுப்போன வீடு, அல்லது மனைவிக்கு அவருடைய பெற்றோர் கொடுத்த வீடு. அதை வாடகைக்குப் பிடிப்பதென்றால் மாதம் நாற்பதாயிரமாவது வேண்டும். பிள்ளைகள் இரண்டும் அரசாங்கப் பாடசாலையில். மேலே போட்ட 1,100 திர்ஹம் எண்பத்தெட்டாயிரம் ரூபா. உம்மாவுக்குச் சீனி வியாதி, மாதாந்தம் கிளினிக் போய் மருந்து எடுக்கிறார். பிள்ளையை விட்டுவிட்டு வேலையாகப் போக மாமி வீடு பக்கத்தில் இருக்கிறது. இவை எதுவும் காசாகக் கைக்கு வருவதில்லை. வராததால் வரவுப் பக்கத்தில் எழுதுவதில்லை. டுபாய்க்குப் போன மறு மாதமே இவை ஒவ்வொன்றும் செலவுப் பக்கத்தில் எழும்பி நிற்கும்.

இப்படிச் சொல்வதால் இங்கே எல்லாம் இலவசம் என்று சொல்ல வரவில்லை. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945 இல் தொடங்கியது, அது இன்றும் இருக்கிறது. ஆனால் பிள்ளை பாடசாலை விட்டதும் டியூஷனுக்கு ஓடுகிறது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் முதல் உயர்தரம் வரை அந்தச் செலவைக் கூட்டினால் 'இலவசம்' என்ற சொல் சற்று வெட்கப்படும். உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுபவர்களில் நால்வரில் ஒருவருக்குத்தான் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. மற்ற மூவரின் வாப்பாமார் தனியார் நிறுவனங்களின் கட்டணப் பட்டியலோடு உட்கார வேண்டியதுதான். ஆஸ்பத்திரியில் வைத்தியர் காசு கேட்பதில்லை, ஆனால் பரிசோதனையையும் சில மருந்தையும் வெளியே எடுக்கச் சொல்வார்கள். அவசரம் என்றால் தனியார் ஆஸ்பத்திரியில் சனல் பண்ணுவோம். இந்தச் செலவுகளையும் நேர்மையாக எழுத வேண்டும்.

எழுதும்போது நமது நேரத்தையும் எழுதுங்கள். 2022 இல் பெற்றோலுக்கும் கேஸுக்கும் எத்தனை நாட்கள் கியூவில் நின்றோம்? அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு பதின்மூன்று மணி நேர மின்வெட்டு வந்தது. குளிர்சாதனப் பெட்டியில் சாமான் வைத்து விற்றவர்களுக்கு அந்த நஷ்டத்தை யாரும் கொடுக்கவில்லை. அரச அலுவலகத்தில் ஒரு கையொப்பத்துக்காக மூன்று முறை போவது நமக்குச் சாதாரணம். அங்கே அதில் பெரும்பகுதியைப் போனிலேயே முடிக்கிறார்கள். அங்கே வாழ்ந்து பழகியவர் ஊருக்கு வந்ததும் அதிகம் எரிச்சல்படுவது இந்த விடயத்துக்குத்தான். அவர் எரிச்சல்படுவதில் நியாயமும் இருக்கிறது.

நாணயத்தின் கதை

ஒரு காலத்தில் டுபாய்க் கடைவீதியிலும் ரூபாதான் ஓடியது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். வளைகுடாவுக்கென்று இந்திய மத்திய வங்கி 1959 இல் தனி ரூபா நோட்டு அச்சிட்டது. 1966 இல் இந்திய ரூபாவின் பெறுமதி குறைக்கப்பட்டபோது அவர்கள் அதிலிருந்து விலகினார்கள். 1971 இல் நாடு ஒன்றுபட்டு, 1973 இல் சொந்தத் திர்ஹம் வந்தது. 1997 முதல் ஒரு டொலருக்கு 3.6725 திர்ஹம் என்ற விலை அசையவில்லை.

நம்முடைய ரூபாவைப் பாருங்கள். 2022 தொடக்கத்தில் ஒரு திர்ஹம் 55 ரூபா அளவில் இருந்தது. வங்கியில் பத்து இலட்சம் வைத்திருந்தவரிடம் ஏறத்தாழ 18,000 திர்ஹம் இருந்தது என்று பொருள். அந்த மே மாதம் திர்ஹம் 98 ரூபாவை எட்டியது. அதே பத்து இலட்சம் 10,000 திர்ஹமாகிவிட்டது. எவரும் களவெடுக்கவில்லை, புத்தகத்தில் ஒரு ரூபாவும் குறையவில்லை. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம். இறக்குமதிச் சாமான் விற்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பழைய விலைக்கு விற்று, அந்தக் காசில் பாதிச் சாமான்கூடத் திரும்ப எடுக்க முடியாமல் நின்றவர்கள் நாம். அந்த வருடம் திர்ஹத்தில் சம்பளம் வாங்கியவர்களின் குடும்பங்கள்தான் ஊரில் ஓரளவு மூச்சு விட்டன. நிலையான நாணயம் என்பது வாழ்க்கைத் தரத்தில் பெரிய பங்கு என்பதை அந்த வருடம் போல் வேறெதுவும் கற்றுத் தரவில்லை. அந்த வருடம் வங்கிவழி நாட்டுக்கு வந்த உழைப்பாளர் பணம் 3.8 பில்லியன் டொலராகச் சுருங்கியிருந்தது, 2024 இல் 6.5 பில்லியனைத் தாண்டியது. நாம் மளிகைக் கடையில் விற்கும் சாமானில் எவ்வளவு பங்கு அந்தக் காசில் விலைபோகிறது என்பது நம் கல்லாப் பெட்டிக்குத் தெரியும்.

வேலை முடிந்த பிறகு?

அங்கே வெளிநாட்டு ஊழியருக்கு ஓய்வூதியம் இல்லை. பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் வருடத்துக்கு 30 நாள். இங்கே ஒரு நுணுக்கம். இது அடிப்படைச் சம்பளத்தில் போடும் கணக்கு. ஐயாயிரம் என்று கையொப்பமிடும் ஒப்பந்தத்தில் அடிப்படை 2,500, மற்றது கொடுப்பனவு என்று பிரித்திருப்பார்கள். அப்படியானால் பத்து வருடம் உழைத்தவருக்கு 255 நாளுக்கு 21,250 திர்ஹம், அதாவது பதினேழு இலட்சம் ரூபா. பத்து வருட இளமைக்கு அது பெரிய தொகையா சிறிய தொகையா என்று அவரவர் தீர்மானிக்கலாம். 2023 முதல் வேலையிழப்புக் காப்புறுதி கட்டாயமாக்கியிருக்கிறார்கள். வேலை போனால் அடிப்படைச் சம்பளத்தில் 60 வீதம், அதிகபட்சம் மூன்று மாதத்துக்கு. நம் நாட்டில் இது இல்லை, நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் வேலை போனால் விசாவும் போகும் என்பதை மறக்கக்கூடாது. சில மாத அவகாசத்துக்குள் வேறு வேலை பிடிக்காவிட்டால் வீடு, பாடசாலை எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டும். பதினைந்து வருடம் இருந்தாலும், பிள்ளை அங்கேயே பிறந்தாலும் குடியுரிமை உரித்தாவதில்லை. பத்து வருடத் தங்க விசா 2019 முதல் இருக்கிறது, அது பெரும் முதலீட்டாளருக்கும் உயர் தகைமை உள்ளவர்களுக்கும்தான். பிள்ளை எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது திடீரென்று ஊர் திரும்பினால், ஆங்கில மொழியில் வேறு பாடத்திட்டத்தில் படித்த பிள்ளை தமிழ்மொழிச் சாதாரண தரத்துக்கு உட்கார முடியாமல் தவிக்கும். பிறகு சர்வதேசப் பாடசாலைதான் வழி, அதற்குக் கட்டணம் ரூபாவில் உழைத்துக் கட்ட வேண்டும்.

காசாக எழுத முடியாதவை

அங்கே பாங்கு சொல்லும் சத்தம் கேட்கும். ஹலாலா என்று கேட்டுச் சாப்பிடத் தேவையில்லை. மகள் அபாயா அணிந்து பாடசாலை போவதற்கு எவரும் முகம் சுழிக்கமாட்டார்கள். 2022 இல் அரச வாரவிடுமுறையைச் சனி, ஞாயிறு என்று மாற்றியபோதும் வெள்ளிக்கிழமை அரைநாள் வைத்தார்கள், ஷார்ஜாவில் வெள்ளி முழுநாள் விடுமுறை. இரவு பன்னிரண்டு மணிக்குப் பெண்பிள்ளை பயமின்றி வீதியில் நடக்கலாம்.

நம் பக்கத்தில் 2018 மார்ச்சில் திகனயும் 2019 மே மாதத்தில் மினுவாங்கொடையும் உண்டு. கடை எரிந்தவர்களுக்கு அது வெறும் தேதியல்ல. 2020, 2021 இல் நமது ஜனாஸாக்களை எரித்தபோது, இந்த மண்ணில் அடக்கமாவதற்குக்கூட உத்தரவாதமில்லையா என்று வயதானவர்கள் அழுததை மறக்க முடியாது. எந்தச் சுட்டெண்ணிலும் இதற்கு ஒரு கட்டம் இல்லை. போகிறேன் என்று ஒருவர் சொல்லும்போது அவர் மனதில் இதுவும் இருக்கிறது என்பதை நான் மதிக்கிறேன்.

மறுபக்கமும் இருக்கிறது. இங்கே அநியாயம் நடந்தால் நாம் பத்திரிகையில் எழுதினோம், நீதிமன்றம் போனோம், வாக்குப் போட்டோம், ஆர்ப்பாட்டத்தில் பெரும்பான்மைச் சகோதரர்களும் நம்மோடு நின்றார்கள். அங்கே நாம் விருந்தாளி. சாப்பாடு நன்றாக இருக்கும், ஆனால் வீட்டுக்காரரிடம் குறை சொல்ல முடியாது. வாப்பா மௌத்தான செய்தி போனில் வர, டிக்கெட் கிடைத்து வந்து சேரும்போது அடக்கம் முடிந்து இரண்டாம் நாள் ஆகிவிடுவது எத்தனை வீடுகளில் நடந்திருக்கிறது? இதற்கெல்லாம் நான் விலை போட மாட்டேன். ஒவ்வொருவரும் போட்டுக்கொள்ள வேண்டும்.

அங்கே போய்ச் சம்பளத்துக்கு நிற்காமல் கடை போடலாமே என்பவர்களுக்கும் சுருக்கமாக ஒன்று. முன்பு பெரும்பாலான வியாபாரங்களில் 51 வீதப் பங்கு உள்ளூர்க்காரருக்கு வேண்டும். 2021 முதல் அந்த நிபந்தனை பெரும்பாலானவற்றில் எடுபட்டுவிட்டது. 2018 முதல் 5 வீத வற் வரி உண்டு, நம் நாட்டின் 18 வீதத்தோடு பார்த்தால் கொஞ்சம்தான். 2023 ஜூனிலிருந்து வருட இலாபம் 375,000 திர்ஹத்தைத் தாண்டினால் மேலதிகத்துக்கு 9 வீத வரி. உரிமம், வாடகை, விசா என்று கதவு திறக்குமுன்பே பெரிய முதல் போய்விடும். ஊரில் முகத்தைப் பார்த்துச் சாமான் கொடுக்கும் மொத்த வியாபாரி அங்கே உங்களுக்கு இருக்கமாட்டார். நல்ல கையிருப்பும் ஒரு வருடம் இலாபமின்றி இருக்கும் தெம்பும் உள்ளவருக்குத்தான் அது.

கடைசியாக முதலாளிமார்களிடம் ஒரு வார்த்தை. கடைக்கு ஆள் பிடிக்க முடியவில்லை, பையன்கள் எல்லோரும் கட்டார், டுபாய் என்று பறக்கிறார்கள் என்று சங்கக் கூட்டங்களில் புலம்புகிறோம். அந்தப் பையன் என்ன ஒப்பீடு செய்கிறான் என்று பார்த்தோமா? நம் கடையில் அவனுக்குச் சம்பளம் ஐம்பதாயிரம் என்று வையுங்கள். நியமனக் கடிதம் இல்லை. ஊழியர் சேமலாப நிதி இல்லை. பத்து வருடம் நின்றாலும் போகும்போது முதலாளி மனமிரங்கிக் கொடுப்பதுதான். அங்கே ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறது, சம்பளம் வங்கிக்குப் போகிறது, காப்புறுதி அட்டை இருக்கிறது. வெளிநாட்டான் அந்நியனுக்குக் கொடுக்கும் இதை நாம் நம் ஜமாஅத்துப் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. 1958 இன் சட்டப்படி ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் சேமலாப நிதி கட்ட வேண்டும். முதலாளி 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னொரு 3 வீதம். ஐம்பதாயிரத்துக்கு 7,500 ரூபா. புதுப் பையனுக்கு வேலை பழக்க ஆறு மாதம் ஆகிறது, அந்த ஆறு மாதமும் அவன் செய்யும் சேதாரம் இதைவிடக் கூட.

எனக்குத் தெரிந்த ஹார்ட்வெயார் கடைக்காரர் ஒருவர் இரண்டு வருடத்துக்கு முன்பு தன் மூன்று பையன்களுக்கும் கடிதம் கொடுத்து நிதியும் கட்டத் தொடங்கினார். மூவரில் ஒருவன் எப்படியும் கட்டாருக்குப் போய்விட்டான். மற்ற இருவரும் நிற்கிறார்கள். அதில் மூத்தவன், போன மாதம் நான் ஆணி வாங்கப் போனபோது, தன் பெயரில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைப் போனில் காட்டி, "ஹாஜியார், இத வெச்சி பேங்க்ல வீட்டு லோன் கேட்கேலுமா?" என்று கேட்டான். வட்டியில்லாமல் இஸ்லாமிய வங்கிப் பிரிவில் என்ன வழி இருக்கிறது என்று விசாரித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அது அடுத்த வாரம்.